கரையான் மருந்து அடிக்கும் நாளில் மீன் தொட்டியைக் காப்பது எப்படி?

கரையான் மருந்து அடிக்க ஆள் வருகிறார் என்றால் சாப்பாட்டுப் பாத்திரங்களை மூடுகிறோம், குழந்தைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புகிறோம். மீன் தொட்டியின் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டு, அது போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அது போதாது. தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஏர் பம்ப், அறையில் உள்ள காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. காற்றில் மருந்தின் ஆவியோ நுண்துளியோ இருந்தால் அதுவும் சேர்ந்தே உள்ளே போகும். மேலே எத்தனை போர்வை போட்டாலும் இந்த வழி அடைபடாது. எனவே உங்கள் தொட்டிக்குக் காற்று எங்கிருந்து போகிறது என்பதை முதலில் பாருங்கள். மற்ற வேலைகளெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

1. என்ன மருந்து, எப்படி அடிப்பார்கள் என்று கேளுங்கள்

நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒரு துளை போட்டு, மருந்துக் கரைசலை உள்ளே ஏற்றி, வெள்ளை சிமெண்டால் அடைத்துவிடுவார்கள். மருந்து தரைக்கு அடியில் மண்ணுக்குப் போய்விடுவதால் மீன்களுக்கு இது ஓரளவு ஆபத்துக் குறைந்த முறை. கதவு நிலை, அலமாரி, கட்டில் போன்ற மரச் சாமான்களின் மேல் தெளிக்கும்போதுதான் காற்றில் மருந்து பரவுகிறது. அதனால் "துளை மட்டுமா, ஸ்பிரேயும் உண்டா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தின் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். இமிடாகுளோப்ரிட், ஃபிப்ரோனில், பைஃபென்த்ரின், குளோர்பைரிபாஸ் ஆகியவை அடிக்கடி காதில் விழும் பெயர்கள். பைஃபென்த்ரினும் அதன் இனத்தைச் சேர்ந்த சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவையும் மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொல்லும். குளோர்பைரிபாஸும் ஃபிப்ரோனிலும் மீனுக்குக் கொடியவைதான். இமிடாகுளோப்ரிட் மீனுக்கு அவற்றை விடக் கொஞ்சம் சாது. ஆனால் தொட்டியில் இறால் வளர்க்கிறவர்கள் அதை நம்பி இருக்க வேண்டாம். பூச்சியைக் கொல்லும் மருந்து, பூச்சிக்கு உறவான இறாலையும் விட்டுவைக்காது.

டப்பாவில் உள்ள வண்ண முக்கோணத்தைக் காட்டி, "நீலம்தான் சார், பயமில்லை" என்று சொல்வார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற அந்த வரிசை மனிதரையும் பாலூட்டிகளையும் மனதில் வைத்துப் போட்டது. மீனைப் பற்றி அது எதுவும் சொல்லாது. லேபிளில் நீர்வாழ் உயிர்கள் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் படியுங்கள்.

அமெரிக்காவில் ஃபுளோரிடா, கலிஃபோர்னியா பக்கம் வீடு முழுவதையும் கூடாரத் துணியால் மூடி, சல்ஃபியூரில் ஃபுளூரைடு என்ற வாயுவை நிரப்புவார்கள். அங்கே இருக்கும் நம்மவர்களுக்கு ஒரே வழி, மீன்களை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோவதுதான். அந்த வாயுவுக்கு முன் எந்த மூடியும் நிற்காது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தானியக் கிடங்கில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் வைக்க யார் யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். அதில் வரும் வாயு மனிதரையே கொன்றுவிடும்.

2. மூடுவதா, இடம் மாற்றுவதா?

துளை மட்டும் போடுகிறார்கள், தொட்டியில் மீன் மட்டும் இருக்கிறது என்றால் மூடி வைத்தாலே சமாளிக்கலாம். தொட்டி இருக்கும் அறையிலேயே ஸ்பிரே அடிக்கிறார்கள், அல்லது இறாலும் இருக்கிறது என்றால் தயங்காமல் இடம் மாற்றுங்கள். தொட்டி வைத்திருக்கும் மர ஸ்டாண்டிலேயே கரையான் இருந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

நிறைந்த தொட்டியைத் தூக்கவே கூடாது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் தண்ணீர் மட்டுமே 50 கிலோவைத் தாண்டும். தூக்கினால் கண்ணாடிகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிலிகான் ஒட்டு விட்டுப்போகலாம். மீன்களை மட்டும் பிடித்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி அதில் விடுங்கள். ஃபில்டரையும் அதே டப்பில் ஓடவிடுங்கள். ஃபில்டர் பஞ்சில் வாழும் நல்ல பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். அது பல மணி நேரம் ஓடாமல் கிடந்தால் பாக்டீரியா செத்து, அப்புறம் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சு தண்ணீரில் ஏறும். டப்பை மருந்து படாத நண்பர் வீட்டிலோ மாடி அறையிலோ வையுங்கள். வெகுதூரம் போக வேண்டுமென்றால் வண்ணமீன் கடையில் ஆக்சிஜன் அடைத்துப் பேக் செய்து தருவார்கள். சென்னைக்காரர்களுக்கு வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் இருக்கிறது.

மீன் போனாலும் தொட்டியில் தண்ணீரும் மணலும் இருக்குமே, அதையும் மூடி டேப் ஒட்டிவிடுங்கள்.

3. முந்தின நாள்

தொட்டித் தண்ணீரில் கால் பங்கு மாற்றுங்கள். அப்போதிலிருந்து தீனி போட வேண்டாம். வளர்ந்த மீன் ஒரு நாள் பட்டினியைத் தாங்கும், தண்ணீரும் சுத்தமாக இருக்கும்.

அவசரத்துக்கு மாற்றத் தொட்டியில் பாதி அளவு தண்ணீரைக் குளோரின் நீக்கி, மூடிய டிரம்மில் மருந்து படாத இடத்தில் வையுங்கள். தனி வீடாக இருந்து வெளியே மண்ணிலும் மருந்து ஏற்றுகிறார்கள் என்றால் இது இன்னும் முக்கியம். சம்ப்போ கிணறோ எங்கே இருக்கிறது என்று வேலையாளுக்குக் காட்டி, அதன் பக்கம் மருந்து போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மீனுக்கு வைத்திருக்கும் வாளி, மக், டியூப், வலை எல்லாவற்றையும் ஒளித்துவிடுங்கள். மருந்து கலக்க வருகிறவர் பாத்ரூமில் கண்ணில் படும் வாளியைத்தான் எடுப்பார். அடுத்த வாரம் அதே வாளியில் நீங்கள் தண்ணீர் மாற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

4. மருந்து அடிக்கும் நாள்: மூடும் முறை

மருந்து படாத அறையிலோ, காற்று வரும் திசையில் உள்ள பால்கனியிலோ ஏர் பம்பை வையுங்கள். அங்கிருந்து தொட்டி வரை நீளமான ஏர் டியூப் இழுத்துவிடுங்கள். மீட்டர் கணக்கில் மலிவாகவே கிடைக்கும். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், தண்ணீர் பின்னால் ஓடி வராமல் இருக்க ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். கரன்ட் போனால் கைகொடுக்க, பவர் பேங்கில் ஓடும் சின்ன யூஎஸ்பி பம்ப் ஒன்றையும் அங்கேயே தயாராக வையுங்கள்.

அடுத்து, தொட்டியின் மேல்புறத்தைக் கனமான பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். டியூப் நுழையும் இடத்தில் மட்டும் மிகச் சிறிய இடைவெளி இருக்கட்டும். வெளியிலிருந்து நல்ல காற்று வந்துகொண்டே இருப்பதால், ஷீட்டுக்குள் இருக்கும் காற்று அந்த இடைவெளி வழியே வெளியேதான் தள்ளும். அறைக் காற்று எளிதில் உள்ளே வராது. ஃபைட்டர், கூராமி போன்றவை மேலே வந்து காற்றை விழுங்கிச் சுவாசிப்பவை. அவற்றுக்கும் இந்த ஏற்பாடு நல்லது.

இன்டர்னல் ஃபில்டர் வைத்திருப்பவர்கள், அதிலிருந்து தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு அந்தத் துளையை அடைத்துவிடுங்கள். அதுவும் அறைக் காற்றை இழுப்பதுதான். பக்கவாட்டில் தொங்கும் ஃபில்டராக இருந்தால் அதையும் சேர்த்து மூடுங்கள்.

அறையில் ஃபேனும் ஏசியும் நிற்கட்டும். தொட்டியை ஒட்டிய சுவரில் துளை போடுவதைத் தவிர்க்க முடியுமா என்று கேளுங்கள். டிரில்லின் அதிர்வில் மீன்கள் மிரண்டு கண்ணாடியில் மோதும். தொட்டி விளக்கை அணைத்து வைத்தால் கொஞ்சம் அமைதியாக இருக்கும்.

5. முடிந்த பிறகு

வாசம் போய்விட்டது என்பதற்காக ஷீட்டை எடுத்துவிடாதீர்கள். நாம் முகர்வது பெரும்பாலும் மருந்தோடு கலந்திருக்கும் கரைப்பானின் வாசம். வாசமே இல்லாத மருந்துகளும் உண்டு. வேலையாள் சொல்லும் நேரம் முழுவதும் காத்திருங்கள். தெளித்த இடமெல்லாம் நன்றாகக் காய வேண்டும். சன்னல்களைத் திறந்து ஃபேன் போட்டுப் பல மணி நேரம் காற்றோட்டம் கொடுங்கள். அதற்கப்புறம் தொட்டியின் வெளிப்பக்கத்தையும் ஷீட்டின் மேல்புறத்தையும் ஈரத் துணியால் துடைத்து, துணியைத் தூக்கிப் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஷீட்டை மேல்புறம் உள்ளே போகும்படி மடித்து எடுங்கள்.

ஃபில்டரில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பை போடுங்கள். பூச்சிமருந்து போன்ற கரிமப் பொருட்களை அது ஈர்த்துப் பிடிக்கும். ஏர் பம்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர அவசரமே இல்லை, இரண்டு மூன்று நாள் வெளியிலேயே ஓடட்டும்.

மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது, வெட்டி வெட்டி நீந்துவது, பக்கவாட்டில் சாய்வது, இறால்கள் துள்ளி விழுவது ஆகியவை மருந்து உள்ளே போனதற்கான அறிகுறிகள். டிரம்மில் எடுத்து வைத்த தண்ணீரைக் கொண்டு உடனே பாதித் தண்ணீரை மாற்றி, கார்பனைப் போட்டு, காற்றைக் கூட்டுங்கள். சில மணி நேரத்தில் தேறாவிட்டால் மீன்களை வேறு சுத்தமான தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் மறுநாள் கொஞ்சமாகத் தீனி போடலாம்.

வாரன்டி கொடுத்திருந்தால் சில மாதம் கழித்துப் பார்வையிட வருவார்கள். கரையான் தெரிந்தால் அங்கேயே ஸ்பிரே அடித்துவிட்டுப் போவதும் உண்டு. "வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது, முதல் நாளே சொல்லிவிட்டு வாருங்கள்" என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.