ஈரக் காலையில் மட்டும் திணறிய எஞ்சின்

பழைய கார்பரேட்டர் கார். நான்கு நாளாக ஒரே மிஸ்ஸிங்: எஞ்சின் இடையிடையே எரியாமல் விட்டுவிடும். ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, குலுங்கும். ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினேன், கார்பரேட்டர் ஜெட்டுகளைச் சுத்தம் செய்தேன். பலனில்லை. பிளக் வயர்களை மல்டிமீட்டரில் அளந்தால் எல்லாம் சரி.

அப்புறம்தான் உறைத்தது: ஈரமான காலையில்தான் தொல்லை அதிகம், எஞ்சின் சூடானதும் குறைந்துவிடும். இருட்டில் பானட்டைத் திறந்துவைத்து, எஞ்சின் ஓடும்போதே எதையும் தொடாமல் தள்ளி நின்று, தண்ணீரைப் பூஞ்சாரலாகத் தெளித்தேன். வயர்களில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு பிளக்குக்கும் முறையாக மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் பட்டதும் நீலப் பொறி ஓடியது, எஞ்சின் தடுமாறியது.

கழற்றிப் பார்த்தால், மூடியில் பிளக் வயர்களுக்கான இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சில் கோடு போல ஒரு விரிசல், அதற்குள் கரி. அழுக்கு என்று நினைத்துத்தான் முன்பே ஒருமுறை துடைத்திருந்தேன்! நகத்தில் தட்டுப்பட்டால் அது விரிசல். அதன் வழியாகத்தான் மின்பொறி பக்கத்து முனைக்குத் தாவியிருக்கிறது.

மூடியையும் அதற்குள் சுழலும் ரோட்டரையும் மாற்றினேன். மறுநாள் ஈரக் காலையிலும் ஐடிலிங் சீராக இருந்தது. பெரிய நிம்மதி.