கடலோரப் பாலத்தில் ஒட்டுப்போடும் முன்

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியில் துரு தெரிந்தால் கவனிக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலோரப் பாலங்களைப் பழுதுபார்க்கப் புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது வேறு இடங்களில்.

தண்ணீருக்கு அடியில் தேடுவது

எப்போதும் மூழ்கியிருக்கும் பகுதியில் உப்பு உண்டு, ஆக்ஸிஜன் குறைவு. துரு மெல்லத்தான் ஏறும். அலை தெறித்து, காய்ந்து, மறுபடி நனையும் பட்டைதான் மோசம். காயும்போதெல்லாம் உப்பு உள்ளேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும்.

பெயர்ந்த இடத்தை மட்டும் அடைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பெயர்ந்த கான்கிரீட்டைக் கொத்துவார்கள், கம்பியைத் தேய்ப்பார்கள், புது மார்ட்டரை அடைத்துச் சதுரமாக மட்டம்செய்து போட்டோவும் எடுத்துவிடுவார்கள். சில வருடத்தில் அந்தச் சதுரத்தைச் சுற்றி விரிசல் விடும். உடனே மார்ட்டர் தரமில்லை என்பார்கள். மார்ட்டர் நன்றாகத்தான் இருக்கும், வம்பே அதில்தான்.

கான்கிரீட்டின் காரத்தன்மையால் கம்பிமேல் மெல்லிய காப்புப் படலம் இருக்கும். உப்பிலுள்ள குளோரைடு அதை உடைக்கிறது. துருப்பிடிக்கும் இடம் எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பதால், பக்கத்துக் கம்பி உப்பு சூழ்ந்திருந்தும் தப்பித்துக்கொண்டிருக்கும். துருப்பிடித்த இடத்தைச் சுத்தம்செய்து அடைத்ததும் அந்தக் காவல் போய்விடும். அடுத்த முறை பக்கத்துக் கம்பி.

இப்படி அடைத்த தூண் ஒன்றை ஓர் இளம் பொறியாளர் பெருமையாகக் காட்டினார். ஒட்டின்மேல் சுத்தியலால் தட்டினேன்: 'டங்' என்று கெட்டியான சத்தம். ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளித் தட்டினால் 'பொத்' என்று உள்ளே விட்டுப்போன சத்தம். அவர் முகம் மாறிவிட்டது. மறுபடி சாரம் கட்ட வேண்டும். தண்ணீர்மேல் சாரம் கட்டும் செலவு மார்ட்டர் விலையை விழுங்கிவிடும்.

ஆகவே கொத்துமுன் சுற்றிலும் தட்டிப்பாருங்கள். துளையிட்டு, ஆழம் வாரியாகத் தூள் எடுத்துக் குளோரைடு சோதியுங்கள். ஹாஃப்-செல் அளவும், அதாவது கம்பியின் மின்னழுத்தமும், எடுங்கள்: செம்பு சல்பேட் மின்முனையோடு மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால், அங்கே துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு. உப்பேறிய கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னாலும் சேர்த்து எடுக்க வேண்டும். முழுவதும் எடுக்க வழியில்லையென்றால் ஒட்டின் ஓரமாகக் கம்பியோடு துத்தநாக ஆனோடு கட்டுங்கள். கம்பிக்குப் பதிலாக அது கரையும். பெரிய பரப்பென்றால் கம்பிக்கு மின்சாரம் செலுத்தித் துருவைத் தடுக்கும் கேத்தோடிக் பாதுகாப்புதான்.

எபாக்சி பூசிய கம்பியைக் கண்மூடி நம்புவது

1980-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகளை இணைக்கும் பாலங்களில் கட்டிச் சில வருடங்களிலேயே, தெறிப்புப் பகுதியில் எபாக்சி பூச்சுக்கு அடியில் துரு பிடித்தது. வளைக்கும்போதும் இறக்கும்போதும் பூச்சில் கீறல் விழுகிறதா என்று பாருங்கள்.

கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்): 'ஐந்து மில்லி குறைந்தால் என்ன?'

உப்பு ஊடுருவும் நேரம் ஏறக்குறைய ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 50 மில்லிமீட்டர் 45 ஆனால் ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கு போச்சு.

கட்டுக்கம்பி முனை

கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் மெல்லிய கம்பியின் முனையைக் கான்கிரீட்டின் உள்பக்கம் மடக்குங்கள்.

கடல் தண்ணீரில் கியூரிங் (புதுக் கான்கிரீட்டை நனைத்து வைப்பது)

கூடவே கூடாது.