குடோன் வேலையும் டெலிவரியும் ஒரே ஷிஃப்டில்: பார்சல் ஓட்டுநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடியற்காலை ஐந்து மணிக்கு வெளியூர் லாரி வந்து நிற்கும். மூட்டைகளை இறக்கி, ஸ்கேன் செய்து, பின்கோடு வாரியாகப் பிரித்து, ஒன்பது மணிக்குள் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு டெலிவரிக்குக் கிளம்ப வேண்டும். பல பார்சல் கிளைகளில் இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆள்தான் பார்க்கிறார். குடோன் வேலை வேறு, வண்டி வேலை வேறு என்று பிரித்து நினைக்கும்போதுதான் தவறுகள் தொடங்குகின்றன. மதியம் ரோட்டில் படும் பாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் காலையில் குடோனிலேயே உருவாகிவிடுகிறது.

லோடு ஏற்றும் முறையில் நடக்கும் தவறுதான் அதிக நேரத்தைத் தின்கிறது. கைக்கு அகப்பட்ட பெட்டியை அப்படியே உள்ளே தள்ளாதீர்கள். கடைசியாகக் கொடுக்க வேண்டியது முதலில் உள்ளே போய்க் கேபினை ஒட்டி உட்கார வேண்டும். முதல் தெருவின் பெட்டிகள் கதவோரம் வர வேண்டும். டெலிவரி ஷீட்டில் உள்ள வரிசை எண்ணை, கதவைப் பார்த்த பக்கத்தில் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதுங்கள். லேபிள் கசங்கினாலும் நனைந்தாலும் அந்த எண் கண்ணில் படும். ஒரு பெட்டியைத் தேட ஒரு நிமிடம் என்றால், 80 பெட்டிக்கு 80 நிமிடம். அந்த நேரத்தை ஈடுகட்டத்தான் ஆக்சிலேட்டரில் கால் அழுந்துகிறது.

எடையைப் பரப்புவதும் ஏற்றும்போதே பார்க்க வேண்டியது. கிரைண்டர், புத்தகக் கட்டு, எண்ணெய் டின் போன்றவை தரையில், இடம் வலம் சமமாக இருக்கட்டும். கனமெல்லாம் பின் சக்கரத்துக்கும் பின்னால் போனால் முன் சக்கரத்தின் பிடி குறைந்து, ஸ்டியரிங் லேசாகிவிடும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையில் காலி வண்டியின் எடையைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்பது தெரியும். 2019 திருத்தத்தின்படி, மோட்டார் வாகனச் சட்டம் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் வைத்திருக்கிறது.

எண்ணிப் பார்க்காமல் அவுட்ஸ்கேன் (பார்சல் டெலிவரிக்கு வெளியே போகிறது என்ற பதிவு) போடவே கூடாது. ஷீட்டில் 82 இருந்து, கையில் 81 இருந்தால், ஸ்கேன் முடிந்த நொடியிலிருந்து அந்த ஒன்று உங்கள் பெயரில் நிற்கும். நசுங்கியதையும் ஈரமானதையும் இறக்கும்போதே போட்டோ எடுத்துச் சூப்பர்வைசருக்கு அனுப்பிவிடுங்கள். மாலையில் சொன்னால் எடுபடாது. உப்பியோ சூடாகவோ இருக்கும் பேட்டரி பார்சலை எந்தக் காரணத்துக்காகவும் வண்டியில் ஏற்ற வேண்டாம். லித்தியம் பேட்டரி பூட்டிய பெட்டிக்குள் தீப்பிடித்தால், கேபினில் இருப்பவருக்குத் தெரிவதற்குள் கைமீறிவிடும்.

உடம்புக்கு வருவோம். அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் (NIOSH) நிறுவனம், எல்லாம் சாதகமாக இருக்கும் நிலையில்கூட ஒருவர் தூக்கும் எடைக்கு 23 கிலோவை மேல்வரம்பாகக் கணக்கிடுகிறது. குனிந்து எட்டித் தூக்கினால் வரம்பு இன்னும் இறங்கும். பெட்டியை வயிற்றோடு அணைத்துத் தூக்குங்கள், திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதத்தை நகர்த்துங்கள். பலர் கவனிக்காத இன்னொன்று: ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி அதிர்வில் உட்கார்ந்திருந்தவர், இறங்கியதும் கனமான பெட்டியில் கை வைக்கக் கூடாது. இரண்டு நிமிடம் நடந்து முதுகு நிமிர்ந்த பிறகு தூக்குங்கள். பெட்டிகளை நகர்த்தும் கன்வேயர் பெல்ட் பக்கம் போகும்போது கழுத்துத் துண்டையும் ஐடி கார்டு கயிற்றையும் கழற்றிவிடுங்கள். ரோலரில் ஒரு நுனி சிக்கினால் கழுத்தைத்தான் இழுக்கும்.

குடோன் ஷூவைக் கழற்றிவிட்டு ஹவாய் செருப்போடு ஓட்டுவது பெரும் ஆபத்து. செருப்பின் முன் முனை பிரேக் பெடலின் அடியில் மடங்கிக்கொள்ளும். சீட்டின் கீழே உருளும் தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான்: திடீரென்று பிரேக் பிடித்தால் முன்னால் உருண்டு வந்து பெடலின் அடியில் நின்றுவிடும், காலை எவ்வளவு அழுத்தினாலும் பெடல் இறங்காது. பாட்டிலைக் கதவுப் பையில் செருகுங்கள். பாத்ரூம் கிடைக்காது என்று தண்ணீரையே தவிர்ப்பதும் தவறு. வழியில் உள்ள பெட்ரோல் பங்குகளை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

தூக்கக் கணக்கை வண்டி ஓட்டும் நேரத்தை வைத்துப் போடாதீர்கள், கண் விழித்த நேரத்திலிருந்து போடுங்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் விட்டிருக்கும் எல்லையே 0.03 சதவீதம்தான். காலை நாலு மணிக்கு எழுந்தவர் இரவு ஒன்பது மணிக்குக் கடைசி பார்சலைக் கொடுக்கப் போனால், சொட்டு குடிக்காமலே அந்த நிலையில்தான் இருக்கிறார்.

நேரப் பதிவில் ஏமாறுவதும் இங்கேதான். குடோன் வருகை கான்ட்ராக்டர் பெயரிலும், டெலிவரி வேலை பார்சல் எண்ணிக்கைக் கணக்கிலும் பதிவாகும்போது, இரண்டையும் கூட்டி வரும் பத்து, பதினொரு மணி நேரம் எந்தத் தாளிலும் வராது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே, வண்டியில் சரக்கு ஏற்றி இறக்குபவரையும் போக்குவரத்துத் தொழிலாளியாகத்தான் வகைப்படுத்தியது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பதும் அதில் இருந்தது. உள்ளே வந்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், கணக்கு முடித்த நேரம் மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் தினமும் குறித்து வையுங்கள். சண்டை வரும் நாளில் அந்த நோட்டுதான் பேசும்.

களைப்பில் கதவைத் தட்டாமலே "ஆள் இல்லை" என்று போட்டுவிடத் தோன்றும். வண்டி நின்ற இடத்தை ஜிபிஎஸ் காட்டிவிடும், அதே பெட்டியை நாளை நீங்கள்தான் மறுபடி ஏற்றியாக வேண்டும். கேஷ் ஆன் டெலிவரி பணத்தை வாடிக்கையாளர் முன்னாலேயே எண்ணித் தனிப் பையில் போடுங்கள். டீக்குக்கூட அதிலிருந்து எடுக்காதீர்கள். குடோன் திரும்பியதும் முதலில் டெலிவரி ஆகாமல் திரும்பிய பார்சல்களை இன்ஸ்கேன் செய்து (உள்ளே வந்ததாகப் பதிந்து), பிறகு பணத்தைக் கட்டி, ரசீது கையில் வந்த பிறகே வண்டிச் சாவியை ஒப்படையுங்கள்.