காப்புரிமை வழக்குச் செய்தி வந்தால் போன் கடைக்காரர் பார்க்க வேண்டியவை

"இந்த பிராண்டைத் தடை செய்துவிட்டார்களாம், ஸ்டொக்கைத் தள்ளிவிடுங்கள்." ஹற்றன், தலவாக்கலை, பண்டாரவளைக் கடைகளுக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தால், தோட்டச் சம்பள நாளுக்காக எடுத்து வைத்த போன்களை நட்டத்துக்குக் கொடுக்க வேண்டாம். முதலில் செய்தியை முழுதாக வாசியுங்கள்.

தீர்ப்பு எந்த நாட்டில் வந்தது என்று பாருங்கள். காப்புரிமை (ஒரு கண்டுபிடிப்பின் மேல் உள்ள பேட்டன்ட் உரிமை) அது பதிவான நாட்டின் எல்லையைத் தாண்டாது. 2022இல் மான்ஹைம் நீதிமன்றத்தில் நொக்கியாவிடம் தோற்ற ஒப்போ, ஜேர்மனியில் மட்டும் விற்பனையை நிறுத்தியது. அங்கே ஏற்கெனவே வாங்கியவர்களின் போன்கள் நின்றுபோகவில்லை. அப்டேட்டும் வந்துகொண்டுதான் இருந்தது. 2024 ஜனவரியில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, இங்கே வழங்கப்பட்ட காப்புரிமைக்குத்தான் பலம். ஆகவே ஜேர்மனியிலிருந்து உறவினர் அனுப்பிய போன் அந்த வழக்கால் செத்துப்போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இங்கே சிக்கல் வருவது ஐஎம்இஐ, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண், பதிவில்தான். *#06# அடித்து வரும் 15 இலக்கத்தை, ஐஎம்இஐ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் போட்டு ஓர் இடைவெளி விட்டு எழுதி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்த்த பிறகே பழைய போனை வாங்குங்கள்.

அடுத்து, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது? நட்டஈட்டுத் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கடை விலையை உடனே அசைக்காது. அப்பிள் சாம்சங் மீது 2011 ஏப்ரலில் வழக்குப் போட்டது. 2012 ஓகஸ்ட்டில் சாம்சங் சுமார் 105 கோடி டொலர் கட்ட வேண்டும் என்று ஜூரி சொன்னது. எல்லாம் முடிந்தது 2018 ஜூனில். அதற்குள் வழக்கில் இருந்த மொடல்கள் கடைகளிலிருந்தே மறைந்துவிட்டன. சரக்கை நிறுத்துவது விற்பனைத் தடையும் இறக்குமதித் தடையும்தான். அதுவும் நடைமுறைக்கு வரும் திகதி வரை உறுதியில்லை: ஐபோன் 4, ஐபேட் 2 ஆகியவற்றின் சில மொடல்களுக்கு வந்த அமெரிக்க இறக்குமதித் தடையை 2013 ஓகஸ்ட்டில் ஒபாமா அரசு நடைமுறைக்கு வருமுன்பே இரத்துச் செய்தது.

எந்தக் காப்புரிமை என்பதே மிக முக்கியம். 4ஜி, 5ஜி போன்ற வலையமைப்புத் தரத்துக்குரியது என்றால் அதைச் சுற்றிப் போக வழியில்லை. போன் செய்பவர் உரிமக் கட்டணம் கட்டியே ஆக வேண்டும். அந்தச் செலவு அடுத்தடுத்த மொடல்களின் விலைக்குள் மெல்ல ஏறும். இங்கே சிப்பையும் பாருங்கள். 2014 டிசம்பரில், வலையமைப்பு நிறுவனமான எரிக்சன் போட்ட வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் ஷியாவோமி போன்களின் விற்பனையை இந்தியாவில் நிறுத்தியது. சில நாட்களிலேயே குவல்கொம் சிப் உள்ள போன்களை விற்க அனுமதித்தது, மீடியாடெக் சிப் உள்ளவை நின்றன. பிராண்ட் ஒன்று, பெட்டிக்குள் இருக்கும் சிப்பால் விதி இரண்டு.

வடிவமோ ஒரு சிறு வசதியோ என்றால் நிறுவனம் அதை மாற்றிவிடும். மெசேஜில் உள்ள தொலைபேசி எண்ணைத் தொட்டால் என்ன செய்யலாம் என்று பட்டியல் காட்டும் வசதி ஒன்றுக்காக, 2012 மேயில் எச்டிசி போன்கள் அமெரிக்கச் சுங்கத்தில் தேங்கின; மென்பொருளை மாற்றிய பின் உள்ளே விட்டார்கள். ஜேர்மனியில் தடைபட்ட சாம்சங்கின் கேலக்ஸி டேப் 10.1, சட்டகம் மாற்றப்பட்டு 10.1என் என்று திரும்பி வந்தது. பெயர் கிட்டத்தட்ட அதே, உடல் வேறு. இப்படியான காலத்தில் கவர், டிஸ்ப்ளே, கண்ணாடி எடுக்கும்போது மொடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். ஓர் எழுத்தை விட்டால் பொருந்தாத டிஸ்ப்ளே கையில் தங்கிவிடும், கொழும்பில் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள்.

கையில் இருக்கும் கருவியிலும் சில நேரம் கை வைப்பார்கள். ஸ்பீக்கர் நிறுவனமான சோனோஸிடம் காப்புரிமை வழக்கில் தோற்ற கூகுள், 2022 ஜனவரியில் ஸ்பீக்கர் குழுவின் ஒலியைச் சேர்த்துக் கூட்டிக் குறைக்கும் வசதியை மாற்றியது. "அப்டேட் போட்ட பிறகு இது காணோம்" என்று வாடிக்கையாளர் வந்தால், ரீசெட் அடிக்கும் முன் அந்த அப்டேட்டின் குறிப்பை வாசியுங்கள். ரீசெட் அடித்தால் போகப்போவது அவருடைய படங்கள்தான். நீக்கிய வசதி திரும்பாது.

விநியோகஸ்தர் வழக்கைச் சொல்லி விலை ஏற்றினால், அதே வாரத்தில் வேறு இரண்டு பிராண்டுகளின் விலையையும் கேளுங்கள். எல்லாம் ஏறியிருந்தால் காரணம் டொலரோ வரியோ. ஒன்று மட்டும் ஏறியிருந்தால், எந்த நாட்டுத் தீர்ப்பு, எந்த மொடல், எந்தத் திகதி என்று அவரிடமே கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் பழைய விலைக்கே பேசுங்கள். ஓடர் அளவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பதில் சரியாக இருந்து, அந்த மொடல் உண்மையிலேயே நிறுத்தப்படப் போகிறது என்றால், போனை அல்ல, நீங்கள் ஏற்கெனவே விற்ற எண்ணிக்கையைப் பார்த்து அதற்கான டிஸ்ப்ளேயையும் சார்ஜிங் போர்டையும் கொஞ்சம் எடுத்து வையுங்கள். மலையக மழையின் ஈரத்தில் முதலில் பழுதாகி வருவது சார்ஜிங் போர்ட்தான்.