டிஎக்ஸ்7-க்கு பேட்டரி மாத்தி, போன சவுண்டெல்லாம் திரும்ப ஏத்துறது எப்படி

தென்னாப்பிரிக்கால நம்ம டர்பன் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் 80-கள்ல கல்யாணத்துக்கு வாசிச்ச பேண்ட்காரங்க வீட்டு கராஜ்ல இன்னும் யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் கீபோர்டு தூங்கிட்டுதான் இருக்கு. மாமா யாராவது "சவுண்டே வரலடா, எடுத்துட்டு போ"ன்னு சொன்னா ரெண்டாவது பேச்சு பேசாம தூக்கிட்டு வந்துருங்க. முக்கால்வாசி நேரம் உள்ள இருக்கிற பேட்டரி தீந்துபோயிருக்கும், அவ்வளவுதான். 1983-ல வந்த மெஷின், 32 சவுண்ட ராம்ல வச்சிருக்கு, ஸ்விட்ச் ஆஃப் பண்ணினப்புறம் அந்த ராமை காப்பாத்துறது ஒரே ஒரு சிஆர்2032 செல். அது போச்சுன்னா டிஸ்ப்ளேல பேருக்கு பதிலா கிறுக்கல் வரும், கீய அமுக்கினா சத்தமே இருக்காது, இல்ல ஏதோ கீச்சுன்னு கத்தும்.

அது சவுண்ட எப்படி உருவாக்குதுங்கிற எஃப்எம், ஆபரேட்டர், அல்காரிதம் கதையெல்லாம் இங்க சொல்லப்போறதில்ல.

மொதல்ல பின்னாடி இருக்கிற லேபிள பாருங்க. நம்ம ஊர்ல 230 வோல்ட், ஜப்பான் பீஸ்னா 100, அமெரிக்கா பீஸ்னா 120. நம்ம பெரிய மூணு உருண்டை பின் ப்ளக்குக்கு ஒரு அடாப்டர் மாட்டிட்டா சரியாப்போச்சுன்னு நினைக்காதீங்க, அது ப்ளக்கத்தான் மாத்தும் வோல்ட்ட மாத்தாது, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கண்டிப்பா வேணும். ஒரு சர்ஜ் ப்ரொடெக்டரும் போட்டுக்கோங்க, லோட் ஷெடிங்னு முறை வச்சு கரண்ட் நிறுத்தின காலத்துல அது திரும்பி வர்றப்ப என்னென்ன கருகுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்.

ஆன் ஆச்சுன்னா ஃபங்ஷன் அமுக்கி 14 அமுக்குங்க, பேட்டரி வோல்ட் எவ்வளவுன்னு அதுவே காட்டும். 2.2-க்கு கீழ போனா மாத்தியே ஆகணும். இன்னும் கொஞ்சம் உயிர் இருந்து சவுண்டெல்லாம் நல்லா இருந்தா, திறக்கிறதுக்கு முன்னாடியே மிடி (கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கிற இணைப்பு) வழியா கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி எடுத்து வைங்க, எப்படின்னு கீழ வருது. அந்த மாமா சொந்தமா பண்ணின சவுண்ட் உள்ள இருக்கலாம், அது வேற எங்கயும் கிடைக்காது.

இப்ப ப்ளக்க புடுங்கிட்டு ஸ்க்ரூ கழட்டி மேல் பேனல தூக்குங்க. உள்ள போற வயர இழுத்துறாதீங்க, பவர் சப்ளை பக்கம் கை வைக்காதீங்க. செல்ல தொடுறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் ப்ளஸ்னு ஃபோன்ல ஒரு படம்.

செல் போர்டோட சோல்டர் பண்ணியிருக்கும். மைனஸ் கால் கிரவுண்டோட சேந்திருக்கிறதால சூட்டையெல்லாம் அந்தப் பெரிய செம்புப் பரப்பு குடிச்சிரும், ஈயம் இளகவே இளகாது. அப்ப அழுத்தி நெம்பினா ட்ராக் உரிஞ்சு வந்துரும். பழைய ஈயத்து மேல கொஞ்சம் புது ஈயம் வைங்க, பளபளன்னு ஓடும் பாருங்க, உடனே சோல்டர் உறிஞ்சுற பம்ப்ல இழுத்துருங்க. எனக்கு இந்த செம்புப் பின்னல் விக் சுத்தமா பிடிக்காது, பம்ப்தான். புதுசா கால் வச்ச செல் வாங்காதீங்க, ரெண்டு வயர் வச்ச ஹோல்டர் வாங்கி ஃபோம் டேப்ல ஓரமா ஒட்டிட்டா அடுத்த தடவை சோல்டரே வேணாம். வெறும் செல் மேல நேரா சோல்டர் பண்றது மட்டும் கூடவே கூடாது, வெடிச்சிரலாம்.

மூடி ஆன் பண்ணினா கிறுக்கல் அப்படியேதான் இருக்கும், பயப்படாதீங்க, ராம்ல இன்னும் ஒண்ணும் ஏறல. "மெமரி போர்டு அவுட்டு"ன்னு சொல்லி சீப்பா வித்துடுறவங்க எல்லாம் இந்த இடத்துலதான் கைய விடுறாங்க, என்னையும் ரொம்ப நேரம் உக்கார வச்சது இதுதான். ஃபேக்டரி சவுண்ட் ஃபைல் ரோம்1ஏ-ன்னு நெட்ல கிடைக்கும், அத மிடி வழியா கீபோர்டுக்கு அனுப்புற சாஃப்ட்வேர் விண்டோஸ்னா மிடி-ஆக்ஸ், மேக்னா சிஸெக்ஸ் லைப்ரரியன், அனுப்புறது ஒரு நிமிஷ வேலை. ஆனா கீபோர்டுல ரெண்டு பூட்டு இருக்கு, ரெண்டையும் திறக்கணும்.

ஒண்ணு, மெமரி ப்ரொடெக்ட். இன்டர்னல்னு எழுதியிருக்கிற ப்ரொடெக்ட் பட்டன அமுக்கி, 'ஆன்'னு வந்தா 'நோ' அமுக்கி 'ஆஃப்' ஆக்குங்க. ஒவ்வொரு தடவை ஆன் பண்றப்பவும் இது தானா பூட்டிக்கும், காலைல திறந்தோமேன்னு சாயங்காலம் சும்மா இருந்துராதீங்க. ரெண்டாவது, ஃபங்ஷன்ல 8. ஒரு தடவை அமுக்கினா மிடி சேனல் வரும், அத 1-ல வைங்க. திரும்ப அதே 8, இப்ப 'சிஸ் இன்ஃபோ அன்அவெய்ல்'னு வரும், 'யெஸ்' அமுக்கினாதான் 'அவெய்ல்' ஆகும். இது அன்அவெய்ல்ல இருக்கிற வரைக்கும் நீங்க என்ன அனுப்பினாலும் அது காதுலயே வாங்காது, எர்ரர் கூட காட்டாது. திறந்தப்புறம் இன்னொரு தடவை 8 அமுக்கினா 'மிடி ட்ரான்ஸ்மிட்?'னு கேக்கும், மேல சொன்ன காப்பி எடுக்கிறது அங்கதான்.

இப்ப அனுப்புங்க. இன்டர்னல் 11 அமுக்கினா 'இ.பியானோ 1'. வாசிச்சுப் பாருங்க, 80-கள்ல வந்த பாதி மெதுவான பாட்டு அதுலதான் இருக்கு.

பின்சேர்க்கை: பீட்டர்மாரிட்ஸ்பர்க்லேர்ந்து ஒரு தம்பி எழுதினாரு, எல்லாம் திறந்தும் ஒண்ணும் ஏறலையாம். ஃபைல் சைஸ் கேட்டேன், 163 பைட்னாரு. அது ஒத்த சவுண்டு, வாசிக்கலாம் ஆனா நீங்களா ஸ்டோர் பண்ணாம தங்காது. 32-ம் சேந்த பேங்க்னா 4104 பைட் இருக்கணும், ஒரு பைட் கூட இருந்தாலும் குறைஞ்சாலும் வேற ஃபைல் தேடுங்க.

இன்னொரு அக்காவுக்கு பாதில எர்ரர். அது பேர் இல்லாத மலிவு யூஎஸ்பி மிடி கேபிள், நோட் மட்டும் வாசிச்சா நல்லா ஓடும், இவ்வளவு பெரிய டேட்டாவ ஒரே மூச்சுல அனுப்பினா நடுவுல முழுங்கிரும். ஒரு நல்ல இன்டர்ஃபேஸ் கடன் வாங்கி அனுப்பினதும் மொதல் தடவையே ஏறிருச்சு. கேபிள்ல இன், அவுட்னு எழுதியிருக்கிறதையும் நம்பாதீங்க, கம்பெனிக்கு கம்பெனி தலைகீழா எழுதுறாங்க, ஏறலன்னா மாத்தி சொருகிப் பாருங்க.

எல்லாம் ஏறினப்புறம் ராத்திரி ப்ளக்க புடுங்கி வச்சிட்டு காலைல 11 அமுக்கிப் பாருங்க. சவுண்ட் காணோம்னா ஹோல்டர் வயர் ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கு, இல்ல செல் சரியா உக்காரல, மல்டிமீட்டர்ல ஹோல்டர் காலுக்கு காலு 3 வோல்ட் வருதான்னு பாத்துட்டு திரும்ப மெமரி ப்ரொடெக்ட்லேர்ந்து ஆரம்பிங்க.