எழுதாமல் விட்ட பங்கு: செட்டிநாட்டுச் சொத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று எந்த ஊருக்குப் போனாலும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பார்க்கலாம். பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் அப்படியே இருக்கும். ஆனால் விற்கவும் முடியாது, பழுது பார்க்கவும் முடியாது. விசாரித்தால் பல வீடுகளில் சிக்கல் பணத்தைவிடப் பத்திரத்தில்தான் இருக்கிறது.

அதனால் என் கணக்கில் முதல் தவறு, பாகப்பிரிவினையை எழுதாமல் தள்ளிப்போடுவது. "அப்பச்சி (அப்பா) இருக்கும்போது பங்கு பேசினால் ஊர் என்ன சொல்லும்" என்று விட்டுவிடுகிறார்கள். ஓர் இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் தாய் என எல்லோருக்கும் சமமாகப் போகும். அவர்களில் ஒருவர் இறந்தால் அந்தப் பங்கும் கிளை பிரியும். மூன்று தலைமுறை தாண்டிய, நடுவில் முற்றம் வைத்த வளவு வீட்டை விற்க எத்தனை பேர் கையெழுத்து வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் பேச்சே கிடையாது. ஓடு மாற்றக்கூட ஒப்புதல் கிடைக்காமல் மழைநீர் இறங்கி, கடைசியில் நிலையும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போய்விடுகின்றன. பார்க்கவே வயிறு எரிகிறது.

வாரிசுச் சான்று வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. யார் யார் வாரிசு என்பதை மட்டுமே அது சொல்லும். யாருக்கு எந்த அறை என்று பிரித்துத் தராது. பாகப்பிரிவினையோ, ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பதிவாக வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் இந்தப் பத்திரங்களுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் குறைவு, அதற்கு உச்சவரம்பும் உண்டு.

"பெண்ணுக்குச் சீர் செய்தாகிவிட்டது, பங்கு எதற்கு" என்ற பேச்சு இனி சட்டத்தில் நிற்காது. தமிழ்நாடு 1989-இல் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. ஆனால் அதற்கு முன்பே மணமானவர்களுக்குத் தரவில்லை. 2005-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. மகள்கள் கையெழுத்து இல்லாத பழைய வீட்டை வாங்குவது, வழக்கையும் சேர்த்து வாங்குவதுதான்.

ஒரு பங்காளியின் பிரிபடாத பங்கை மட்டும் மலிவாக வாங்கும் வெளியாட்களும் யோசிக்க வேண்டும். குடும்பம் குடியிருக்கும் வீட்டில் அவர்கள் கூட்டாகக் குடியேற உரிமை கோர முடியாது. பங்கு பிரிக்கச் சொல்லி வழக்குப் போட்டாலோ, 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி, நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம்.

இரண்டாவது தவறு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவைப்பது. இதை நம் ஊருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1930-களில் நெல்விலை விழுந்தபோது, பர்மாவில் வட்டிக்குக் கொடுத்திருந்த கடனுக்கு ஈடாக வந்த நிலங்களால், கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது. 1942-இல் ஜப்பான் படை நுழைந்தது, 1948-இல் நிலத் தேசியமயச் சட்டம் வந்தது. போனது போனதுதான். இன்று சேமிப்பு முழுவதையும் ஒரே மனைப்பிரிவில் முடக்குபவரும் அதே பாதையில்தான் போகிறார். அவசரச் செலவுக்கு மனையில் கால் பாகத்தை மட்டும் வெட்டி விற்க முடியாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை பலருக்கும் தெரியும், ஆனாலும் தவறவிடுகிறார்கள். வில்லங்கச் சான்றில் பதிவானவை மட்டுமே வரும். பதியாத உயில் அதில் இருக்காது. பட்டா வருவாய்த்துறைப் பதிவுதான், அதை மட்டும் நம்பாமல் மூலப் பத்திரத்தை வாங்கிப் படியுங்கள். பவர் பத்திரத்தால் மட்டும் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே சொல்லிவிட்டது. கண்மாய், ஊருணிப் புறம்போக்கும் கோயில் நிலமும் மனையாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று புல வரைபடத்தோடு நேரில் போய்ப் பாருங்கள்.

வெளிநாட்டில் வசிக்கும் பங்காளியிடம் வாங்குகிறீர்களா? உள்ளூரில் வசிப்பவரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கும்போது விலையில் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டுவோமே, அந்தக் கணக்கு அவருக்குப் பொருந்தாது. விலை 50 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் பிடித்தாக வேண்டும், விகிதமும் அதிகம். பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை கேள்வி கேட்பது வாங்கிய உங்களைத்தான். முன்பணம் கொடுக்கும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.