லூயிஸ் கடிதங்களை வாசிக்கும்போது செய்யக்கூடாதவை

1957 ஏப்ரலில் அமெரிக்கச் சிறுவன் ஒருவனுக்கு, நார்னியா என்ற மாய உலகைப் பற்றிய சிறுவர் கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ் பதில் எழுதினார். நார்னியா புத்தகங்கள் ஏழையும் எந்த வரிசையில் படிப்பது என்று அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் வழக்கு. வெளிவந்த வரிசையில் என்பது அம்மா கட்சி. கதைக்குள் எது முன்னால் நடக்கிறதோ அதுதான் முதலில் என்பது பையன் கட்சி. அம்மாவைவிட உன் பக்கம்தான் சாய்கிறேன் என்றார் லூயிஸ்.

அந்த ஒரு வரியை மட்டும் பிய்த்தெடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. 1994-இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் வரிசை எண்ணை மாற்றி, 1955-இல் ஆறாவதாக வந்தாலும் கதைப்படி முன்னால் நடக்கிற புத்தகத்தை முதலாவதாக்கியது. அதற்கு ஆதரவாக இந்தக் கடிதத்தைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அதற்கு அடுத்த வரிகளில், முதல் புத்தகத்தை எழுதும்போது இன்னொன்று வரும் என்றே எனக்குத் தெரியாது, மூன்றாவதோடு முடிந்தது என்று நம்பினேன், அதனால் யார் எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது என்கிறார். சட்டம் போடுகிற ஆள் இப்படி எழுதுவாரா? அம்மாவோடு வாதாடும் ஒரு பிள்ளையின் தோளில் தட்டிக்கொடுத்த கடிதம் அது. என்னைக் கேட்டால், முதலில் வெளிவந்த புத்தகத்தில் வருவதுபோல் அலமாரிக் கதவைத் திறந்து சிறுமி லூசியோடு நார்னியாவின் பனிக்குள் காலெடுத்து வைப்பதுதான் சரியான தொடக்கம்.

அனுப்பிய கடிதத்தையும் அனுப்பாத வரைவையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். 1954-இல் ஆக்ஸ்ஃபர்டு புத்தகக்கடைக்காரர் ஒருவரின் இறையியல் கேள்விகளுக்கு, லூயிஸின் நண்பரும் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதியவருமான டோல்கீன் நீண்ட பதில் எழுதினார். தன்னைத் தானே பெரிதாக எண்ணிக்கொள்வதுபோல் இருக்கிறது என்று அதை அனுப்பாமலே விட்டார். அவருடைய கடிதத் தொகுப்பில் இப்போது அதுவும் மற்றவற்றோடு இருக்கிறது. அனுப்பவில்லை என்று அதோடு உள்ள குறிப்பைப் படிக்காமல் மேற்கோள் காட்டினால் அவருக்கு அநியாயம்.

எனக்கு மிகவும் வலிக்கும் தவறு வேறு. லூயிஸ் 1950 முதல் 1963 வரை, நேரில் பார்த்தே இராத அமெரிக்கப் பெண்மணி ஒருவருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதினார். 1967-இல் அவை புத்தகமாயின. அதில் அவர் எழுதியவை மட்டுமே உண்டு. அந்தப் பெண்மணி எழுதியவை இல்லை. பண்டிகை நாட்களில் தயவுசெய்து எழுதாதீர்கள் என்று ஓரிடத்தில் கேட்டுக்கொள்கிறார். அதைப் படித்துவிட்டு, சலித்துக்கொண்டே எழுதினார், அந்தப் பெண்மணி தொல்லை கொடுத்தார் என்று முடிவுகட்டுகிறார்கள். அந்தப் பெண்மணிக்குப் பணக்கஷ்டம் என்று தெரிந்ததும், தன் அமெரிக்கப் பதிப்பாளர் மூலம் ஒரு சிறு தொகை தொடர்ந்து கிடைக்க ஏற்பாடு செய்தவரும் அதே லூயிஸ்தான்.